பூஜ்யம் வேண்டாம்

செருப்பை வெளியே விட்டாச்சா? நல்லது. காலைத் துடைச்சுட்டு வாங்க தம்பி. அந்த மிதியடி இல்லை, அது வாசல் மண்ணுக்கு. பக்கத்துல இருக்கே, அது. ஆங். இப்போ உட்காருங்க.

அவர் இல்லை. உக்கடம் போயிருக்கார், மீன் மார்க்கெட்ல தெர்மாகோல் பெட்டி வாங்க. இந்த மீன்களை உங்க திருப்பூர் வரைக்கும் அலுங்காம அனுப்பணுமாம். மத்தி வந்து இறங்கின பெட்டியில இந்த மகாராஜாக்கள் ஏறிப் போகப் போறாங்க. அரை மணியில வந்துடறேன்னு சொன்னார். அவர் அரை மணின்னா பிளஸ் ஆர் மைனஸ் அரை மணி. பம்பு கம்பெனியில டெஸ்டிங் செக்‌ஷன்ல முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். தேவசிகாமணின்னா பீளமேட்டுல இன்னிக்கும் தெரியும். எதைக் கேட்டாலும் இவ்வளவுன்னு சொல்ல மாட்டார். இதுல இருந்து இதுக்குள்ளேன்னுதான் சொல்வார். என்னைப் பெண் பார்த்துட்டுப் போனப்ப, பிடிச்சிருக்கான்னு அவங்க அப்பா கேட்டதுக்கு, "ஓரளவுக்கு"ன்னு சொன்ன மனுஷன்.

அதோ, அந்த மீன் தொட்டிதான் நீங்க பார்க்க வந்தது. போய்ப் பாருங்க. கண்ணாடியில விரல் மட்டும் வைக்காதீங்க, இப்பத்தான் துடைச்சேன். நாலரை அடி. கீழே அலமாரிக்குள்ளே இன்னொரு தொட்டி, அதுலதான் மோட்டார், குழாய், வடிகட்டி எல்லாம். எப்படி? பளிச்சுன்னு இல்லை? என்ன தம்பி, பேச்சையே காணோம்? சரி, சரி, பாருங்க. முதல்ல பார்க்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் வாயடைச்சு நிப்பாங்க.

ஒண்ணு சொல்லிடறேன். இந்தச் சுத்தம் அவர் கை இல்லை. என் கை. அவர் வந்தா தன் பேரைப் போட்டுக்குவார், அதனால முன்னாடியே சொல்லிடறேன்.

காபி குடிப்பீங்க இல்லை? இருங்க, பால் அடுப்புலதான் இருக்கு. இங்கேயிருந்தே பேசறேன், என் குரல் கேட்கும். என் குரல் மூணாவது மாடிக்கும் கேட்கும்.

ரிட்டயர் ஆகறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி பிடிச்சது இந்தப் பைத்தியம். மத்தவங்க எல்லாம் என்ன பண்றாங்க? வாக்கிங் போறாங்க, அசோசியேஷன் செக்ரட்டரி ஆகறாங்க, பேப்பர் படிச்சுட்டு நாட்டைத் திட்டறாங்க. இவர் கடல் வேணும்னார். கோயமுத்தூர்ல! மலையைப் பார்த்து வீடு வாங்கிட்டு, ஹாலுக்குள்ளே கடல்.

அதுக்குத் தண்ணி எப்படின்னு நினைக்கறீங்க? சிறுவாணித் தண்ணி ஆகாதாம். ஊர்ல இருந்து வர்றவங்க பாட்டில்ல பிடிச்சுட்டுப் போற தண்ணி, அது ஆகாது. அதை ஒரு மிஷின்ல போட்டு, ருசியெல்லாம் உருவிட்டு, வெறும் சாறில்லாத தண்ணியாக்கி, அப்புறம் அதுல உப்பைக் கரைப்பார். தூத்துக்குடி உப்பான்னா அதுவும் இல்லை. கப்பல்ல வந்த உப்பு, வாளியோட. பவளத்துக்கு வேற ஒரு கூத்து. நம்ம கடல் பவளத்தைத் தொட்டா ஜெயிலாம். அதனால இதெல்லாம் வெளிநாட்டுப் பண்ணையில வளர்ந்தது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு காகிதம். என் பொண்ணோட பர்த் சர்டிபிகேட் எங்கே இருக்குன்னு இவருக்குத் தெரியாது. பவளத்தோடது எந்த ஃபைல்ல எந்தப் பக்கம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வார்.

இந்தாங்க காபி. சர்க்கரை போதுமா? போதும்னு சொல்லுங்க, நான் குறைவாத்தான் போடுவேன், அதுதான் உடம்புக்கு நல்லது.

கீழே அலமாரியைத் திறந்து பாருங்களேன். பக்கவாட்டுல நிக்கிற அந்தக் கண்ணாடிக் குழாய், உள்ளே பழுப்பா மணி மணியா சுத்திட்டு இருக்கே, அதுதான் ரியாக்டர். உங்களுக்குத் தெரிஞ்சதுதானே, நீங்களும் இதே கேசுதானே. பேரைக் கேட்டதும் கல்பாக்கத்துல இருந்து ஏதோ கொண்டு வந்துட்டார்னு பயந்துட்டேன். வாங்கக்கூட இல்லை, தானே செஞ்சார். அக்ரிலிக் குழாயை அறுத்து, அடியில சல்லடை வச்சு, குட்டி மோட்டார் மாட்டி, கீழேயிருந்து தண்ணி மேலே ஏறி வழியற மாதிரி. சரி, உள்ளே என்னங்க மணி மணியான்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. துரு. இரும்புத் துரு! டப்பா டப்பாவா துரு வாங்கின ஒரே ஆள் இந்த ஜில்லாவுல இவராத்தான் இருப்பார். "ஏனுங்க, ஜன்னல் கம்பியில நான் வருஷா வருஷம் சுரண்டிக் கீழே கொட்டறேனே, அதை எடுத்து வச்சிருந்தா ஆகியிருக்காதா?"ன்னு கேட்டேன். சிரிக்கிறார். "அது வேற ஜாதி, சுலோ"ங்கறார்.

மீனுக்குத் தீனி போடறோம் இல்லையா, அது தின்னுட்டுப் போடறதுல இருந்து பாஸ்பேட்னு ஒரு அழுக்கு தண்ணியில சேருமாம். அதைத் துரு பிடிச்சுக்குமாம். குட்டிக் குப்பியில தொட்டித் தண்ணியை எடுத்து, பொடியைப் போட்டு ஆட்டி வச்சா நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு அழுக்கு. அட்டையோட ஒத்துப் பார்த்து எண்ணைச் சொல்லணும். வாரா வாரம் பார்ப்பார். பார்த்துட்டு நோட்டுல எழுதிட்டு நிம்மதியாயிடுவார். நானும் எட்டிப் பார்ப்பேன். குப்பி நீலமாத்தான் இருக்கும். எப்பவும் கொஞ்சம் நீலம். "இன்னும் அழுக்கு இருக்கே?"ன்னா, "கொஞ்சம் இருக்கட்டும்"ங்கறார்.

கொஞ்சம் இருக்கட்டும்! அழுக்கு! நான் படிச்ச கான்வென்ட்ல சிஸ்டர் யூலாலியான்னு ஒருத்தர். வெள்ளைக் கைக்குட்டையை டெஸ்க் மேலே ஒரு இழுப்பு இழுப்பார். துணியில துளி கறுப்பு தெரிஞ்சாலும் அந்தப் பெஞ்சு மொத்தமும் முட்டிக்கால் போடணும். அவர்கிட்ட போய்க் கொஞ்சம் இருக்கட்டும்னு சொல்லிப் பாருங்க.

சரி, அதெல்லாம் அவர் பாடுன்னு விட்டிருப்பேன். விடலைன்னா அதுக்குக் காரணம் வேற. இந்தத் தொட்டியாலதான் என் பொண்ணு பிரசவத்துக்கு நான் போக முடியலை.

சிந்துஜா ஜெர்மனியில இருக்கா. ஒரே பொண்ணு, முதல் பிரசவம். யார் போகணும்? நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டுல யார் போனாங்க? அம்மாதானே? இங்கே அப்பன் போனார். பிரசவம் பார்க்க அப்பனை அனுப்பின குடும்பம் இது. லேகியம் கிண்டினது நான். பூண்டு உரிச்சுப் பக்குவம் பண்ணினது நான். குழந்தைக்குப் பழைய வேட்டியைத் துவைச்சு, வெந்நீர்ல போட்டு, மறுபடி துவைச்சு, இஸ்திரி போட்டு முப்பது துண்டு மடிச்சது நான். பெட்டியைத் தூக்கிட்டுப் போனது அவர்.

ஏன்னு கேட்டா, அவ சொன்னா: "அம்மா, தொட்டியை யாராவது பார்த்துக்கணும் இல்லையா? ரெண்டு பேரும் வந்துட்டா அப்பாவோட பவளம் எல்லாம் செத்துப் போயிடும். நீதான் பொறுப்பா பார்த்துப்பே." இன்விடேஷன் லெட்டரையும் அவர் பேருக்கு மட்டும் அனுப்பிட்டா. பாருங்க எவ்வளவு யோசனைன்னு. அப்பாவுக்குச் செல்லம், அதனால அப்பாவோட பவளமும் செல்லம். பெத்தவளுக்கு மீனுக்கு அடுத்த இடம்.

அதுக்கு முந்தின வருஷம் நான் போயிட்டுத்தான் வந்தேன். ஒரு மாசம். அந்த வீடு இருந்த இருப்பை நீங்க பார்த்திருக்கணும். ஃபிரிட்ஜ்ல ஒரு ஜாடி, அதுக்குள்ளே மாவு புளிச்சு, பொங்கி, நாத்தம் பிடுங்குது. தூக்கிக் கொட்டிட்டு ஜாடியைத் தேய்ச்சுக் கவுத்து வச்சேன். மறுநாள் மாப்பிள்ளை வந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறார். ரொட்டிக்கு உறை மாவாம். மூணு வருஷமா தினம் தீனி போட்டு வளர்த்தாராம். மாவுக்குத் தீனி! எல்லாருக்கும் எதையாவது வளர்க்கணும். சிந்துஜா ஒண்ணும் சொல்லலை. அவ அப்பா மாதிரி, எதையும் முகத்துக்கு நேரா சொல்ல வராது. "சரிம்மா, விடு"ன்னா. விட்டேன். அதுக்கப்புறம் வான்னு கூப்பிடலை, குழந்தை வர்ற வேலை, வீடு மாத்தற வேலை, அவளுக்கு எங்கே நேரம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கிளம்பறதுக்கு முன்னாடி இவர் ஒரு காகிதம் எழுதி அலமாரிக் கதவுல செல்லோடேப் போட்டு ஒட்டினார். வரைபடத்துக்கு எழுதற மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதுவார். "துரு கால் கப். அதுக்கு மேல் வேண்டாம். மாசம் ஒரு தடவை மாத்தினால் போதும். மேல் அடுக்கு மட்டும் லேசா அசையணும். தீனி மூணு வேளை." கடைசியில அடிக்கோடு போட்டு: "பூஜ்யம் வேண்டாம்."

படிச்சேன். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். படிச்சதும் என்ன தோணிச்சுன்னா, சோம்பேறி. முப்பத்திரண்டு வருஷம் பம்பைச் சோதிச்சு, இவ்வளவு வரைக்கும் ஒழுகலாம், இவ்வளவு வரைக்கும் அதிரலாம்னு பாஸ் போட்டே பழகின மனுஷன். அதே புத்தி. முடியாததை வேண்டாம்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டார்.

அவர் ஏரோப்ளேன் ஏறின மறுநாளே காகிதத்தை உரிச்சுப் போட்டேன். செல்லோடேப் பசை மரத்துல கறை பிடிக்கும். அலமாரிக்குள்ளே இருந்ததை எல்லாம் வெளியே எடுத்து, வினிகர் போட்டுத் துடைச்சு வச்சேன். அப்புறம் துரு. கால் கப் போட்டா குழாய்ல அடியில நாலு விரல்கடை நிக்குது, மீதி காலி. எதுக்கு அவ்வளவு பெரிய குழாய்? கழுத்து வரைக்கும் போட்டேன். சும்மா போடலை. அரிசி களையற மாதிரி ஏழு தண்ணி களைஞ்சு, கடைசித் தண்ணி தெளிவா வந்த அப்புறம்தான் போட்டேன். அவர் மூணு தண்ணியோட நிறுத்திடுவார். மாசம் ஒரு தடவையாம். நம்ம சமையல்கட்டு வடிகட்டியை மாசம் ஒரு தடவையா கழுவறோம்? ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுசு மாத்தினேன். தீனியும் மூணு வேளை இல்லை, ஒரு வேளை. கொட்டினாத்தானே அழுக்கு?

பத்து நாள். பத்தே நாள்ல குப்பி தண்ணி மாதிரி நின்னது. நீலமே இல்லை. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன், வெள்ளைப் பேப்பர் மேல வச்சுப் பார்த்தேன். பூஜ்யம். நாலு வருஷமா இன்ஜினியரால முடியாதது.

உடனே வாட்ஸ்அப்ல "ஜீரோ"ன்னு அனுப்பினேன். அங்கேயிருந்து பதில் வருது: "சந்தோஷம் சுலோ. பாதித் துருவை எடுத்துடேன், போதும்." பொறாமையைப் பார்த்தீங்களா? நான் பதில் போடலை. மறுபடி ரெண்டு நாள் கழிச்சு, "போட்டோ அனுப்பேன்." எதுக்கு? வந்து நேர்ல பார்க்கட்டும், அசந்து நிக்கட்டும்னு அனுப்பலை. "எல்லாம் நல்லா இருக்கு, குழந்தையைப் பாருங்க"ன்னு மட்டும் போட்டேன்.

நல்லாத்தான் இருந்தது. கண்ணாடியில வழுவழுன்னு பிடிச்சிருந்த பாசி போச்சு. கல்லு மேல பச்சை போச்சு. அப்புறம் இந்தப் பவளம் எல்லாம் இருக்கே, முதல்ல இதெல்லாம் என்ன நிறத்துல இருந்ததுன்னு நினைக்கறீங்க? பழுப்பு. சேத்துப் பச்சை. எச்சில் தட்டு காஞ்ச மாதிரி ஒண்ணு. அந்த மூலையில கொத்தா நிக்குதே, சின்னச் சின்னக் குழல் மாதிரி, அது அவரோட உயிர். வாங்கி வந்தப்ப ரெண்டே குழல், கட்டைவிரல் அளவு. நாலு வருஷத்துல பதினொண்ணாச்சு. ஒவ்வொண்ணுல இருந்தும் விரல் விரலா வெளியே நீட்டிட்டு ஆடும், பச்சையா, வழவழன்னு. காலையில பல் தேய்ச்சுட்டு முதல்ல அதுக்கு முன்னாடிதான் போய் நிப்பார். நான் துவைச்ச துணியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன், கறையாத்தான் தெரிஞ்சுது. நாலாவது வாரத்துல இருந்து அந்தக் கறை விட ஆரம்பிச்சுது. முதல்ல நுனி வெளுத்தது. அப்புறம் மொத்தமும். அந்த விரலெல்லாம் உள்ளே போய் அடக்கமா நின்னுடுச்சு. எதிர் பிளாட் மரகதம் வந்து பார்த்துட்டு, "அக்கா, மல்லிகைப் பந்து மாதிரி இருக்குதுங்க"ன்னா. மரகதம் யாரையும் லேசுல புகழ மாட்டா.

பாருங்க, இப்பவும் எப்படி இருக்கு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் வெள்ளை.

ரெண்டு மாசம் முடிஞ்சு அவர் வந்தார். டாக்ஸியில இருந்து இறங்கி, ஷூவைக்கூடக் கழட்டாம, எனக்குச் சொல்ல வந்த வார்த்தையை வாசல்லயே விட்டுட்டு, நேரா தொட்டி முன்னாடி. நான் பின்னாலேயே போய் நின்னேன். பேத்தி போட்டோவைக்கூட அப்புறம் பார்த்துக்கலாம்னு நின்னேன், அவர் முகத்தைப் பார்க்க. "எப்படி?"ன்னேன். கண்ணாடியில உள்ளங்கையை வச்சார். துடைச்ச கண்ணாடி! அப்புறம் திரும்பிப் பார்த்துச் சிரிச்சு, "ரொம்ப சுத்தமா வச்சிருக்கே, சுலோ. ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பே"ன்னார். முப்பத்தோரு வருஷத்துல அந்த வாயில இருந்து "ரொம்ப" வந்தது அன்னிக்குத்தான். அதுவும் ரெண்டு தடவை.

மறுநாள் பார்த்தா ரியாக்டர் காலி. மோட்டார் நின்னிருக்கு, குழாய் கழுவிக் கவுத்து வச்சிருக்கு. பயண அலுப்புல மாத்த எடுத்துட்டு மறந்துட்டார்னு நினைச்சு நானே நிரப்பி ஓட விட்டேன். அடுத்த நாள் மறுபடி காலி. மறுபடி நிரப்பினேன். "ஏனுங்க, எடுத்தா திருப்பிப் போட மாட்டீங்களா? உங்களுக்கு எல்லாத்துக்கும் நானே பின்னாடி வரணுமா?"ன்னு கேட்டேன். என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம், "இல்லை சுலோ, மறந்துட்டேன்"னார். அதுக்கப்புறம் எடுக்கலை. ஓடிட்டுத்தான் இருக்கு, பாருங்க, கழுத்து வரைக்கும், கொதிக்கிற பொங்கல் மாதிரி.

மூணாவது நாள் சாப்பிட்டுட்டு இருக்கும்போது, "தொட்டியை யாருக்காவது கொடுத்துடலாம்னு இருக்கேன்"னார். எனக்குப் புரை ஏறிடுச்சு. "இனிமே என்னால முடியாது சுலோ. தொட்டி இல்லைன்னா ஆகஸ்ட்ல குழந்தையைப் பார்க்க நாம ரெண்டு பேரும் போலாம் இல்லையா?" சிந்துஜாகிட்டயும் சொல்லியிருக்கார். அவ கொஞ்சம் யோசிச்சுட்டு, "சரிப்பா, பார்க்கலாம்"னாளாம். நான் பெட்டியை இறக்கித் துடைச்சே வச்சுட்டேன். ஒரு வழியா அந்த மனுஷனுக்குப் புத்தி வந்துதுன்னு மரகதத்துக்குக்கூடச் சொன்னேன். அவர் போட்ட விளம்பரத்தைப் பார்த்துட்டு நீங்க போன் பண்ணினதும் எனக்குத்தான் முதல்ல நிம்மதி. இதை எடுத்துட்டுப் போங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

என்ன, டார்ச்சா? அடிச்சுப் பாருங்க, தாராளமா. உள்ளே ஒரு தூசு காட்டுங்க, பார்க்கலாம்.

என்ன தேடறீங்க?

என்ன?

இன்னொரு தடவை சொல்லுங்க. பட்டினின்னா? தண்ணியிலயா? தண்ணியில என்ன தம்பி பட்டினி, மீன் நல்லாத்தானே நீந்துது? மீன் இல்லையா. பவளம். சரி, பவளம் கல்லுதானே. கல்லு இல்லையா. உயிரு. அது தெரியும், அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கார். நிறம்? நிறம்ங்கறது... நில்லுங்க. அந்தப் பழுப்பும் பச்சையும் அதுக்குள்ளே குடியிருக்கிற உயிரா? அதுதான் அதுக்குச் சாப்பாடு பண்ணித் தருதா? அதுக்கும் கொஞ்சம் அழுக்கு வேணுமா. துளி பாஸ்பேட். துளிகூட இல்லைன்னா...

அப்போ இது வெள்ளை இல்லை.

எலும்பு.

அந்தத் தட்டு மாதிரி இருக்கிறது? போயிடுச்சா. அந்த மேல் கல்லுல இருக்கிறது? அதுவும். எத்தனை நாளா? ஒரு மாசமா இருக்கும்ங்கறீங்க. ஒரு மாசமா நான் எலும்பைத்தான் துடைச்சுட்டு இருந்திருக்கேன். மரகதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இல்லை, எனக்கு எப்படித் தம்பி தெரியும்? சொன்னாத்தானே தெரியும்? அழுக்கை எடுக்கத்தான் குழாய், அழுக்கை எடுத்தேன். ஒருத்தர் விவரமாச் சொல்ல வேண்டாமா? எழுதி வச்சாரா? எழுதி வச்சார். சரி, எழுதினா ஏன்னு எழுத வேண்டாமா? வேண்டாம்னு மட்டும் எழுதினா? அடிக்கோடு போட்டா ஆச்சா? பாதித் துருவை எடுத்துடேன்னு... அனுப்பினார். ஆமா, அனுப்பினார்.

வந்து பார்த்தாரே, அப்பச் சொல்லியிருக்கலாமே. திட்டியிருக்கலாமே. அடியே கொன்னுட்டியேடின்னு ஒரு வார்த்தை. நான் திட்டலையா, தினம் திட்டலையா? அந்த மனுஷனுக்கு வாய் இல்லையா? ராத்திரியும் பகலும் நான் பேசறதைக் கேட்டுக் கேட்டு அது தேஞ்சே போச்சா?

உங்ககிட்ட என்ன சொன்னார்? போன்ல. இல்லை, சொல்லுங்க. பவளம் எப்படி இருக்குன்னு நீங்க கேட்டிருப்பீங்க இல்லை. மறைக்காதீங்க, நான் ஒண்ணும் அழுதுட மாட்டேன்.

"என் தப்பு"ன்னா?

ஊருக்குப் போன இடத்துல கவனிக்காம விட்டுட்டேன், என் தப்பு, பவளம் போயிடுச்சு, மீனையாவது யாராவது காப்பாத்துங்கன்னு. என் பேரே எடுக்கலையா. வீட்டுல ஒருத்தி இருந்தான்னுகூடச் சொல்லலையா.

இருங்க. ஒரு நிமிஷம். இல்லை, தண்ணி வேண்டாம், நானே எடுத்துக்கறேன். சும்மா இருங்க.

அந்தப் பதினொண்ணு? அந்தக் கொத்து? மறுபடி அடிச்சுப் பாருங்க டார்ச்சை. கிட்டப் போங்க, கண்ணாடியில விரல் பட்டாப் பட்டுட்டுப் போகுது, மூக்கை வச்சே பாருங்க. எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே. என் கண்ணாடியை எடுத்துட்டு வர்றேன், இருங்க. ஆங், காட்டுங்க. அந்த ஓட்டுக்குள்ளே சுருண்டிருக்கே, சோத்துப் பருக்கை மாதிரி? அதுவா சதை? அதுக்கு உயிர் இருக்கா? எத்தனைல இருக்கு? நாலு. பதினொண்ணுல நாலு.

வருமா? சும்மா எனக்காகச் சொல்லாதீங்க. துருவை மொத்தமா எடுத்துட்டு, தீனியைப் பழையபடி போட்டு, வெளிச்சத்தைக் குறைச்சு... வரலாம். வராமயும் போகலாம். நீங்களும் அவர் மாதிரியே பேசறீங்க. எத்தனை மாசம்? ஆறா? எட்டும் ஆகலாம். இந்தக் குலுக்கல்ல திருப்பூர் கொண்டு போனா? பொழைக்காதா. சரி.

அப்போ ஆகஸ்ட்ல அவர் மட்டும் போகட்டும். சிந்துஜாவுக்கும் ஒண்ணும் வருத்தம் இருக்காது, அவ புரிஞ்சுக்குவா. யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்கணும் இல்லையா.

இப்போ நான் சொல்றதைக் கேளுங்க. லிஃப்ட் சத்தம் கேட்குது, அவராத்தான் இருக்கும். நீங்க என்கிட்ட எதுவும் சொல்லலை. புரிஞ்சுதா? டார்ச்சைப் பாக்கெட்ல போடுங்க. வந்தீங்க, காபி குடிச்சீங்க, நான் பேசிட்டே இருந்தேன், நீங்க தலையாட்டிட்டே இருந்தீங்க. நம்புவார். உங்களுக்கு இந்தத் தொட்டி வேண்டாம். ஏன்னு கேட்பார். உங்க சம்சாரத்துக்குப் பிடிக்கலைன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு ஆம்பளையும் கேட்க மாட்டான். உங்களுக்கு மஞ்சள் மீன் வேணும்னா ஒண்ணு எடுத்துக்கங்க, இவ்வளவு தூரம் வந்ததுக்கு. மத்ததை விட்டுடுங்க.

இருங்க, இந்த மோட்டாரை நிறுத்திடறேன். இந்த ஸ்விட்ச்தானே? ஆங். இந்தக் கடகடப்புல எனக்கு மண்டை வலிக்குது, இனிமே இந்த வீட்டுல இது ஓடினா நான் இருக்க மாட்டேன்னு சண்டை போட்டு நிறுத்தினேன்னு இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னைச் சமாதானம் பண்ண உட்கார்ந்துடுவார், அதை என்னால தாங்க முடியாது. தீனி விஷயத்தை எப்படி ஆரம்பிக்கறதுன்னு சாயந்திரத்துக்குள்ளே யோசிச்சுக்கறேன். பட்டினி போட்டு மீனெல்லாம் இளைச்சுப் போச்சுன்னு அவரையே நாலு திட்டு திட்டினாப் போச்சு.

பெல் அடிக்கிறார், கேட்குதா? சாவி பாக்கெட்லயே இருக்கும். இருந்தும் அடிப்பார்.

திரும்புங்க, என் முகத்தைப் பாருங்க. அரை மணி நேரமாப் பார்த்துட்டுத்தானே இருக்கீங்க. அதே மாதிரி இருக்கா? கடுகடுன்னு? கண்ணு கிண்ணு ஒண்ணும் இல்லையே? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.

சரி. கதவைத் திறக்கிறேன்.